வெள்ளைச் சேலை கட்டிய ராணி

இரண்டு நவராத்திரிக்கு முன்பு நடந்தது. எங்கள் வீட்டுக் கொலுவின் நாலாம் படியில் மூன்று ராஜ பொம்மைகள் நின்றன. முதலில் பிரான்ஸ் தேசத்து ராணி மரி அந்துவானெத், அடுத்து மதுரைத் திருமலை நாயக்கர், அதற்கடுத்து சிவகங்கை ராணி வேலு நாச்சியார். மூன்று பொம்மைகளுக்கும் உடுப்பு நானும் என் மனைவியும் சேர்ந்து தைத்தது. விளக்கு ஏற்றி, சுண்டல் விநியோகம் முடிந்து, கூட்டம் குறைந்த நேரத்தில் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி கேட்டாள்.

"தாத்தா, இவங்க நிஜமாவே இப்படித்தான் டிரஸ் போட்டிருந்தாங்களா?"

மரி அந்துவானெத்தைக் காட்டி, "ஆமாம், 1783-இல் வரைந்த படத்தைப் பார்த்துத் தைத்தது" என்றேன். திருமலை நாயக்கரைக் காட்டி, "ஆமாம், அவர் காலத்துச் சிலையைப் பார்த்துத் தைத்தது" என்றேன். வேலு நாச்சியாரிடம் வந்ததும் என் வாய் அடைத்துவிட்டது. சிவப்புப் பட்டு, ஜரிகைக் கரை, கை வைத்த ரவிக்கை, நெற்றியில் பொட்டு, தலையில் பூ. எதைப் பார்த்து இதைத் தைத்தோம்? ஒரு காலண்டர் படத்தைப் பார்த்து.

முப்பத்தைந்து வருஷம் அரசாங்க அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். ஆதாரம் இல்லாத குறிப்பை மேலே அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சிவப்புப் பட்டு அப்படிப்பட்ட குறிப்பு. அதை எப்படித் திருத்தினோம் என்பதே இந்தக் கட்டுரை.

இந்தப் பொம்மைப் பைத்தியம் எனக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டார்கள் என்றாலும் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு உடனே போய்விடவில்லை. மரியாதைராமன் கதை தெரிவதற்கு முன்பே எங்களுக்குப் பதினான்காம் லூயியின் கதை தெரியும். ஒரு வருஷம் எனக்குப் பரிசாக 'பெத்தி லரூஸ்' அகராதி கிடைத்தது. அதில் வார்த்தை தேடியதைவிட நான் படம் பார்த்ததுதான் அதிகம். ராஜாக்களும் ராணிகளும் தபால்தலை அளவில் இருப்பார்கள். எல்லாரும் முன்பக்கம் காட்டி நிற்பார்கள். இவர்களுடைய சட்டைக்குப் பின்னால் பொத்தானா, முடிச்சா என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

அப்பா இளம் வயதிலேயே காலமானார். அம்மாவும் நானும் திண்டுக்கல்லில் இருந்த மாமா வீட்டுக்கு வந்தோம். ஆங்கிலமும் அலுவலகத் தமிழும் புதிதாகக் கற்றுக்கொண்டு சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி எழுத்தரானேன். அகராதி மட்டும் பெட்டியின் அடியில் கிடந்தது. ஓய்வு பெற்ற மறு வருஷம் அதைத் தூசி தட்டி எடுத்தபோது என் மனைவி பக்கத்தில் இருந்தார். அவர் சின்னாளப்பட்டிக்காரர். துணியைப் பார்த்தால் தொடாமல் இருக்க மாட்டார். "இந்த வெள்ளைக்காரிச்சி கட்டியிருக்கிறது நம்ம மல் துணி மாதிரியில்ல இருக்கு" என்றார்.

அவர் சொன்னதில் எவ்வளவு சரித்திரம் இருக்கிறது என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அந்தப் படத்தை வரைந்தவர் எலிசபெத் விஜே லெப்ரன் என்ற பெண் ஓவியர். மரி அந்துவானெத்தைப் பலமுறை எதிரே இருத்தி வரைந்தவர். 1783-இல் பாரிஸில் நடந்த ஓவியக் காட்சியில் அவர் வைத்த படத்தில் ராணி பட்டும் வைரமும் இல்லாமல், வெள்ளை மஸ்லின் துணியில் தளர்ந்த ஓர் அங்கி அணிந்து, வைக்கோல் தொப்பி வைத்து, கையில் ரோஜாவோடு நிற்கிறாள். ஊரே கொதித்துவிட்டது. ராணி உள்ளாடையோடு வந்து நிற்கிறாளே என்று ஒரு கூட்டம். ராணியே பட்டைக் கைவிட்டால் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர் கதி என்ன என்று இன்னொரு கூட்டம். படத்தை எடுத்துவிட்டு, அதே போல ரோஜா பிடித்த கையோடு ஆனால் பட்டு கவுன் அணிந்த வேறு படத்தை வைக்க வேண்டியதாயிற்று. அந்தக் காலத்தில் ஐரோப்பியச் சீமாட்டிகள் ஆசைப்பட்ட உயர்ந்த மஸ்லின் நம் நாட்டிலிருந்து, முக்கியமாக வங்காளத்திலிருந்து, கப்பலேறிப் போனது. ஆகவே "நம்ம மல் துணி" என்று என் மனைவி சொன்னது தப்பே இல்லை.

அந்த வெள்ளை அங்கியைத்தான் நாங்கள் முதலில் தைத்தோம். எங்கள் கணக்கு அடிக்கு இரண்டு அங்குலம். ஐந்தரை அடி ராணி பதினோரு அங்குலப் பொம்மையாகிறாள். நீளம் அகலம் எல்லாம் ஆறில் ஒரு பங்கு. ஆனால் துணியின் கனம் ஆறில் ஒரு பங்காகக் குறையாதே! ஆளுக்குத் தைத்தால் அருவிபோல் விழுகிற துணி பொம்மைக்குத் தைத்தால் அட்டைபோல் நிற்கும். கஞ்சி போக நாலு தரம் அலசி, ஈரத்தோடு மடிப்பு வைத்து, நூல் சுற்றி, காய்ந்தபின் அவிழ்த்தால்தான் படத்தில் உள்ளதுபோல் விழுகிறது. இதற்கே எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

நாங்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ராஜ உடுப்பைச் சிறிதாக்கிப் பொம்மைக்குப் போடுவது ஐரோப்பாவில் பழைய வேலை. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரெஞ்சு அரண்மனையிலிருந்து இங்கிலாந்து ராணிக்குப் பொம்மை உடுப்புகள் போயிருக்கின்றன. பத்திரிகையும் புகைப்படமும் இல்லாத காலம். பாரிஸில் புதிதாக என்ன தைக்கிறார்கள் என்று மற்ற அரண்மனைகளுக்குக் காட்ட, அச்சு அசலாக உடுத்திய பொம்மையை அனுப்புவார்கள். யுத்தம் நடக்கும்போதுகூட இந்தப் பொம்மைக்கு வழி விட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசியில் இதே வித்தை பிரான்சுக்குக் கைகொடுத்தது. துணி கிடைக்கவில்லை, தையல்காரர்களுக்கு வேலை இல்லை. 1945 மார்ச்சில் பாரிஸின் பெரிய தையலகங்கள் எல்லாம் சேர்ந்து, கம்பியால் செய்த சுமார் 70 செ.மீ. உயரப் பொம்மைகளுக்கு உடுப்புத் தைத்துக் காட்சி வைத்தார்கள். பொத்தான் துளையிலிருந்து கைப்பை வரை எல்லாம் நிஜம், அளவு மட்டும் சிறிது. அந்தப் பொம்மைகள் இன்று அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து மேரிஹில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் நாட்டிலும் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-இல் டில்லியில் திறந்த பொம்மை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கேயே ஒரு பட்டறை வைத்து, நம் மாநிலங்களின் உடைகளை அணிந்த பொம்மைகளைச் செய்தார்கள்.

சரி, வெள்ளைக்கார ராணி ஆயிற்று, நம் ராஜா ஒருவர் வேண்டாமா என்று என் மனைவி கேட்டார். அதனால் மதுரைக்குப் போனோம்.

மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபம் இதைப் படிக்கும் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடப் புத்தகம், பாத்திரம், வளையல், ரிப்பன் என்று நம்மில் பலர் சிறுவயதில் போன இடம். திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம் அது. அவர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. அங்கே தூண்களில் நாயக்க மன்னர்கள் பத்துப் பேர் கைகூப்பி நிற்கிறார்கள். திருமலை நாயக்கர் தேவியரோடு நிற்கிறார். அவர் காலத்திலேயே செதுக்கியதால், நம் பக்கத்தில் ராஜ உடைக்கு இதைவிட நெருங்கிய சாட்சி கிடைப்பது கடினம். மேலுடம்பில் சட்டை கிடையாது, ஆபரணங்கள்தான். இடுப்பில் வரிவரியாக மடிப்பும் வேலைப்பாடும் தெரியும் துணி, அதில் செருகிய குறுவாள். தொந்தியையும் சிற்பி மறைக்கவில்லை. எங்கள் பொம்மைக்கும் பஞ்சு வைத்துத் தொந்தி தைத்தோம்.

அந்த மண்டபத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றும்வரை, அந்த நாயக்க ராஜாக்களின் காலடியில் தையல் மெஷின் போட்டு வரிசையாகத் தையல்காரர்கள் இருந்தார்கள். சாமிக்குப் பாவாடை, குடை, தொம்பை, சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடும் உடுப்பு எல்லாம் அவர்கள் கைவேலை. அரையடி அம்மனுக்கும் அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பார்கள். சின்ன அளவில் ராஜ உடுப்புத் தைக்கும் கலை பாரிஸில் மட்டும்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அது அறுபது கிலோமீட்டர் தூரத்தில் மெஷின் சத்தத்தோடு நடந்துகொண்டிருந்தது என்பது வெட்கமாகப் போயிற்று.

அங்கே ஒரு வயதான தையல்காரரிடம் என் பழைய சந்தேகத்தைக் கேட்டேன். "சிலை தூணோடு ஒட்டியிருக்கிறது. ராஜாவின் பின்பக்கம் தெரியவில்லை. பின்னால் எப்படிக் கட்டியிருப்பார்?"

அவர் மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "சாமி உடுப்புக்கே பின்பக்கம் கிடையாது சார். நாடாதான். நமக்கு எது தெரியுதோ அதைத்தான் தைக்க முடியும்."

விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அது நல்ல பாடமாக இருந்தது. தெரிந்ததைத் தை. தெரியாத இடத்தில் நாடா வை. அது நாடா என்று பார்க்கிறவனுக்கும் தெரியட்டும்.

அந்த மண்டபத்துச் சிலை பற்றி ஒரு பழங்கதை உண்டு. ராணியின் சிலையைச் செதுக்கும்போது தொடையில் ஒரு சில்லு தெறித்துவிட்டதாம். சிற்பி கலங்கினார். அமைச்சர் நீலகண்ட தீட்சிதர், ராணிக்கு அந்த இடத்தில் மச்சம் இருக்கும், அப்படியே விடு என்றாராம். ராஜா சந்தேகப்பட்டு அவரை அழைத்துவர ஆள் அனுப்ப, பூஜையில் இருந்த தீட்சிதர் கற்பூர ஆரத்தியிலேயே தம் கண்களைப் பொசுக்கிக்கொண்டாராம். இது நடந்ததோ இல்லையோ, ராஜ வீட்டுப் பெண்ணை உள்ளபடி காட்டுவது எவ்வளவு ஆபத்தான வேலை என்று நம் முன்னோர் நினைத்தார்கள் என்பது தெரிகிறது.

இப்போது வேலு நாச்சியாருக்கு வருகிறேன்.

திண்டுக்கல்காரர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்க முடியாது. 1730-இல் ராமநாதபுரம் சேதுபதி வீட்டில் பிறந்தவர். சிவகங்கை முத்துவடுகநாதத் தேவருக்கு வாழ்க்கைப்பட்டவர். 1772 ஜூனில் காளையார்கோவிலில் ஆங்கிலேயரும் நவாப் படையும் தாக்கியதில் கணவர் கொல்லப்பட்டார். மகள் வெள்ளச்சியோடு தப்பிய ராணி வந்து தங்கியது நம் விருப்பாட்சியில், பாளையக்காரர் கோபால நாயக்கரின் பாதுகாப்பில். திண்டுக்கல் அப்போது ஹைதர் அலியின் வசம். பிரதானி தாண்டவராய பிள்ளை 1772 டிசம்பரில் ஹைதருக்குக் கடிதம் எழுதி 5000 குதிரைப்படையும் 5000 காலாட்படையும் கேட்டார். எட்டு வருஷம் காத்திருந்து 1780-இல் ராணி சிவகங்கையை மீட்டார். 1796-இல் காலமானார். அடைக்கலம் கொடுத்த கோபால நாயக்கர் பின்னால் அவரும் ஆங்கிலேயரை எதிர்த்து, 1801-இல் தூக்கிலிடப்பட்டார். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். ராணி அங்கே வந்து ஹைதரைப் பார்த்தார், உருது பேசினார் என்பார்கள். போர்வீரன்போல ஆணுடையில் வந்து, சபையில் தலைப்பாகையைக் கழற்றித் தாம் யார் என்று காட்டினார் என்றும் கதை சொல்கிறவர்கள் உண்டு.

இவ்வளவு பெரிய ராணிக்கு, அவர் காலத்தில் அவரை எதிரே வைத்து வரைந்த படம் என்று சொல்லத்தக்க ஒன்றையும் நான் பார்த்ததில்லை. 2008 டிசம்பரில் அஞ்சல்துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. சிலைகள் இருக்கின்றன, காலண்டர்கள் இருக்கின்றன. எல்லாம் பிற்காலத்தார் மனதில் கண்ட உருவம். மரி அந்துவானெத்துக்குச் சிறுமியாக, ராணியாக, தாயாக எத்தனையோ படங்கள். அவரும் வேலு நாச்சியாரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள். ஒருத்திக்கு வருஷத்துக்கு ஒரு படம், ஒருத்திக்கு ஒன்றுகூட இல்லை.

அப்படியென்றால் எங்கள் பொம்மை கட்டியிருந்த சிவப்புப் பட்டு எங்கிருந்து வந்தது? யோசித்துப் பார்த்தால் அது ராஜா ரவிவர்மாவிடமிருந்து வந்தது. அவர் பிறந்ததே 1848-இல். 1894-இல் அவர் பம்பாய்ப் பக்கம் அச்சகம் வைத்து லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டுக்கு வீடு அனுப்பினார். முந்தானை மடித்து, ரவிக்கை போட்டு நிற்கும் அந்தக் கட்டு நம் கண்ணில் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு நம் காலண்டரில் வந்த ராணிகள் முக்கால்வாசிப் பேருக்கும் அதே கட்டுதான். வேலு நாச்சியார் இறந்து நூறு வருஷம் கழித்து வந்த பாணியை அவர் மேல் சுற்றிவிட்டோம்.

பேத்தியின் கேள்விக்குப் பிறகு நான் ராமநாதபுரம் போய்வந்தேன். அங்கே அரண்மனையில் ராமலிங்க விலாசம் என்ற மண்டபம் இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் சுவரெல்லாம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஓவியங்கள். சேதுபதி தர்பாரில் வீற்றிருப்பது, வெள்ளைக்காரர்களைச் சந்திப்பது, தஞ்சை மராட்டியரோடு சண்டை, அந்தப்புரக் காட்சிகள் என்று ராஜ வாழ்க்கை முழுவதும் இருக்கிறது. வேலு நாச்சியார் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அவர் பிறந்த வம்சத்து அரண்மனையிலேயே தீட்டியவை. அவருடைய அத்தை, பாட்டி முறையானவர்கள் எப்படி உடுத்தினார்கள் என்பதற்கு இதைவிட நெருங்கிய சாட்சி எனக்குக் கிடைக்காது.

பென்சிலும் நோட்டும் எடுத்துக்கொண்டு அரைநாள் நின்றேன். நான் பார்த்த அளவில், பெண்களின் சேலை உடம்பை ஒட்டியே சுற்றி வருகிறது. பூவும் கோடும் போட்ட மெல்லிய துணிகள். ரவிவர்மா படத்தில் உள்ளதுபோல் முந்தானை அகலமாக மடிந்து விழுவதில்லை. கட்டும் விதத்தை வரைந்துகொண்டு ஊர் திரும்பினேன். என் மனைவி ஒரு கஜம் மல் துணி எடுத்தார். ஆறு கஜச் சேலை எங்கள் கணக்குப்படி ஒரு கஜம், நாற்பத்தைந்து அங்குல அகலம் ஏழரை அங்குலம். சுங்குடிப் புள்ளி வைக்கலாம் என்று கட்டிப் பார்த்தார். நகத்தால் கிள்ளிக் கட்டியும் புள்ளி பொம்மையின் கன்னத்தளவு வந்தது. பிறகு குண்டூசித் தலையால் மெழுகு தொட்டு வைத்துச் சாயம் போட்டதில் கடுகளவுப் புள்ளி வந்தது.

சேலையைப் பொம்மைக்குச் சுற்றிப் பார்த்துவிட்டு என் மனைவி சும்மா இருந்தார். பிறகு கேட்டார்.

"ஏங்க, விருப்பாட்சிக்கு வந்தப்ப புருஷன் இல்லையே அவளுக்கு. இந்தப் புள்ளிச் சேலையா கட்டியிருப்பா?"

நான் பதில் சொல்லவில்லை. இத்தனை நாளும் கட்டு எப்படி, கரை எத்தனை அங்குலம் என்று அலைந்தேன். அவர் விதவை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நாம் கொண்டாடும் வேலு நாச்சியாரின் சரித்திரம் முழுவதும், படை திரட்டியது, ஹைதரைச் சந்தித்தது, நாட்டை மீட்டது, ஆண்டது எல்லாம், 1772-க்குப் பிறகு நடந்தது. அதாவது கணவரை இழந்தபின் நடந்தது. உடையாள் என்ற பெண்ணின் நினைவுக்குத் தம் வைரத் தாலியையே ராணி காணிக்கையாக வைத்தார் என்று சிவகங்கைச் சீமையில் சொல்கிறார்கள். கழுத்தில் கட்டியிருக்கும் தாலியை யார் காணிக்கை வைப்பார்கள்? ஆனால் காலண்டரில் பொட்டும் பூவும் சிவப்புப் பட்டும்தான்.

இந்த இடத்தில் மரி அந்துவானெத் மறுபடி ஞாபகத்துக்கு வந்தாள். 1793 ஜனவரியில் கணவர் தலை போயிற்று. சிறையில் கறுப்புத் துக்க உடையில் அவளை வரைந்த படம் இருக்கிறது. அக்டோபர் 16-ஆம் தேதி வண்டியில் கொலைக்களத்துக்குப் போகும்போது கட்டிய கையோடும் சாதாரணக் குல்லாயோடும் உட்கார்ந்திருந்ததை ஓவியர் தாவீது சில கோடுகளில் கிறுக்கி வைத்தார். அன்று அவள் அணிந்திருந்தது வெள்ளை. பழைய காலத்துப் பிரெஞ்சு ராணிகளுக்குத் துக்கத்தின் நிறமே வெள்ளைதான். 1560 வாக்கில் மேரி ஸ்டுவர்ட்டை வெள்ளைத் துக்க உடையில் க்ளூவே என்பவர் வரைந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு எங்கள் அம்மாதான் நினைவுக்கு வந்தாள்.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. முப்பது வயதுக்குள் வெள்ளை கட்டியவள். மாமா வீட்டில் நவராத்திரி ஒன்பது நாளும் சுண்டல் அவள் கையால் தாளித்தது. கொலு மரப்பாச்சிகளுக்குத் துணி சுற்றித் தருவதும் அவள்தான். ஆனால் ஜனங்கள் வருகிற நேரத்தில் கூடத்துக்கு வரமாட்டாள். யாரும் வராதே என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவளாகவே அடுப்படிக்குள் இருந்துகொள்வாள். வெற்றிலைத் தட்டு அவள் கைக்கு வராது. எனக்கு அப்போது அது தவறாகவே படவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

புள்ளிச் சேலையை எடுத்து வைத்துவிட்டோம். கரையில்லாத வெள்ளை மல் துணியை, ராமலிங்க விலாசத்தில் பார்த்த கட்டில் சுற்றினோம். பொட்டு இல்லை, பூ இல்லை. இடுப்பில் ஒரு வாள். மறவர் அரண்மனையில் 1772-இல் கைம்பெண் ராணி வெள்ளைதான் உடுத்தினார் என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. அதனால் அதைச் சரித்திரம் என்று சொல்ல மாட்டேன். வருவாய்த்துறையில் பட்டா இல்லாத இடத்துக்குப் பட்டா எழுத முடியாது. சிவப்புப் பட்டுக்கும் பட்டா இல்லை, வெள்ளைக்கும் பட்டா இல்லை. ஆனால் அவர் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் வெள்ளைக்கு நியாயம் அதிகம்.

வீட்டில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. என் மைத்துனி ஊரிலிருந்து வந்தவர், "மங்களகரமா வைக்கிற கொலுவில வெள்ளைச் சேலைப் பொம்மையா? அதுவும் வேலு நாச்சியாருக்கா?" என்று முகம் சுளித்தார். என் மனைவி, "மங்களமா இருந்தவ நாட்டைத் தோத்தா. இப்படி இருந்தவதான் நாட்டைப் பிடிச்சா. எதை வைக்கிறது, சொல்லு" என்றார். அதற்குமேல் பேச்சு நடக்கவில்லை. சாஸ்திரம் தெரிந்தவர்கள் தப்பு என்று சொன்னால் கேட்டுக்கொள்ளத் தயார். ஆனால் பொம்மையை எடுக்கப் போவதில்லை.

சென்ற நவராத்திரியில் மூன்று பொம்மைகளும் அதே நாலாம் படியில் நின்றன. ஒவ்வொன்றின் முன்னும் பேத்தி தன் கையால் எழுதிய அட்டை. மரி அந்துவானெத்துக்கு, "1783 ஓவியத்தைப் பார்த்துத் தைத்தது." நாயக்கருக்கு, "புதுமண்டபச் சிலையைப் பார்த்துத் தைத்தது. பின்பக்கம் தெரியாது." வேலு நாச்சியாருக்கு, "இவருக்கு அந்தக் காலத்துப் படம் இல்லை. கட்டு ராமநாதபுரம் சுவர் ஓவியத்தில் பார்த்தது. வெள்ளை நிறம் எங்கள் ஊகம்."

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருக்கிறார். கணவர் போனதிலிருந்து நாலு வருஷமாக எந்த வீட்டுக் கொலுவுக்கும் வருவதில்லை. வாசலோடு விசாரித்துவிட்டுப் போய்விடுவார். ஆறாம் நாள் பேத்தி போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். நாலாம் படிக்கு முன் நின்று மூன்றாவது அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார். "நம்ம விருப்பாட்சியில இருந்த ராணியா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, "சுண்டல் என்ன இன்னிக்கு, மொச்சையா?" என்றார். என் மனைவி சுண்டலோடு வெற்றிலைத் தட்டையும் அவர் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டார்.

என் மனைவிக்குக் கண் இப்போது முன்போல் இல்லை. ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது பேத்தியின் வேலை. அடுத்ததாகக் கோபால நாயக்கர் செய்ய வேண்டும் என்கிறாள். அவருக்கும் படம் கிடையாது, அவர் தலைப்பாகை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

ஆகவே ஒரு விண்ணப்பம். விருப்பாட்சி, சத்திரப்பட்டி, ஒட்டன்சத்திரம் பக்கத்து அன்பர்கள் வீட்டில் பழைய துணி, தலைப்பாகை, மரப்பெட்டி, சுவர்ச் சித்திரம், பாட்டி சொன்ன சேதி எதுவாக இருந்தாலும் தெரிவியுங்கள். வெள்ளைச் சேலை தப்பு என்று காட்டும் ஆதாரம் யாரிடமாவது இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த நவராத்திரிக்குள் அட்டையை மாற்றி எழுதிவிடுகிறோம்.